பத்துப் பேர் சேர்ந்தால் சங்கமா? வட்டாரக் குழுவைப் பதியலாமா, சமூக மன்றத்தோடு சேரலாமா?

#1 கேன்பரா_புளோக்

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் செம்பவாங், ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் குழு நடத்துகிறவர்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை.

எங்கள் வட்டாரத்தில் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரு சின்ன வேலை செய்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே பாய் விரித்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்வது, வாசிக்க வைப்பது. அது போக, தனியாக இருக்கும் சில பாட்டிகளைப் பாலிகிளினிக்குக் கூட்டிப் போவது, மருந்து வாங்கிக் கொடுப்பது. யாரும் திட்டம் போட்டுத் தொடங்கியதில்லை. ஒரு பாட்டிக்கு டாக்டர் சொன்னது புரியவில்லை என்று ஒருவர் துணைக்குப் போனார், அப்படியே தொடர்ந்துவிட்டது.

இப்போது வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேருக்கு மேல். மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். பெயர் வைத்துச் சங்கமாகப் பதிய வேண்டும் என்பது முதல் கட்சி (ஒருவர் சின்னம்கூட வரைந்து அனுப்பிவிட்டார்). சமூக மன்றத்தில் இந்தியர் நிகழ்ச்சிகளை நடத்தும் இந்திய நற்பணிச் செயற்குழுவோடு சேர்ந்தால் அங்கே அறை கிடைக்கும் என்பது இரண்டாவது. இப்படியே விடுங்கள் என்பது மூன்றாவது.

என் கவலை பணம். தீபாவளி விருந்துக்கு ஆளாளுக்குக் கைபேசி வழிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினார்கள். மிச்சம் என் சொந்தக் கணக்கில் கிடக்கிறது. தொகை பெரிதில்லை, ஆனால் வீட்டில் தினமும் அதுதான் பேச்சு. என்ன செய்யலாம்?

#2 கணக்குப்பிள்ளை

ஒரு சங்கத்தில் பல வருடம் பொருளாளராக இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே சங்கங்கள் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு பதிவு செய்ய வேண்டும். பதியாத சங்கம் சட்டவிரோதச் சங்கம். சட்டத்தின் சொற்கள் ரொம்ப அகலமானவை. அதற்காக வாட்ஸ்அப் குழு வைத்திருப்பவர்கள் எல்லாரும் நாளைக் காலையே ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெயர், தலைவர், செயலாளர், மாதச் சந்தா என்று நீங்களே வைத்துக்கொண்ட பிறகு "நாங்கள் சும்மா அக்கம்பக்கத்தார்" என்று சொல்வது கடினம்.

அடுத்தது, பதிவில் இரண்டு வழி இருக்கிறது. சில வகைச் சங்கங்களுக்கு விண்ணப்பித்ததும் தானாகவே பதிவு கிடைத்துவிடும். ஆனால் இனம், சமயம், மொழி சார்ந்த நோக்கம் உள்ள சங்கங்கள் அந்தக் குறுக்கு வழியில் போக முடியாது. "தமிழ் வளர்ப்பது எங்கள் நோக்கம்" என்று எழுதினால் வழக்கமான பரிசீலனைதான், காத்திருக்க வேண்டும்.

பதிந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். சட்டதிட்டம், ஆண்டுப் பொதுக்கூட்டம், கூட்டக் குறிப்பு, தணிக்கை, சங்கப் பதிவகத்துக்கு ஆண்டறிக்கை. செயலாளர் வேறு வட்டாரத்துக்கு வீடு மாறிப் போனால் அடுத்த செயலாளரைத் தேட வேண்டும். நான் பார்த்த சின்னச் சங்கங்களில் இரண்டு வருடத்துக்குள் படிக்கும் பிள்ளையை விடக் குறிப்பு எழுதும் ஆள்தான் அதிகமாக வேண்டியிருந்தது.

இன்னொன்று. "பதிந்தால் நன்கொடைக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சங்கம் ஒரு படி. அறநிறுவனம் அதற்கு மேல் ஒரு படி, அதற்கு அறநிறுவன ஆணையரிடம் தனியாகப் பதிய வேண்டும். இப்போதுள்ள 250 விழுக்காட்டு வரிக்கழிவு அதற்கும் மேல், பொது நலன் அமைப்பு என்ற தகுதி பெற்றவர்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். முதல் படியில் நின்றுகொண்டு மூன்றாம் படியின் ரசீதை நீட்ட முடியாது.

உங்களுக்குள் விருந்துச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டது வேறு. வீடு வீடாகப் போய் உண்டியல் நீட்டினால் அதற்கு உரிமம் வேண்டும். ஆகவே மிச்சப் பணத்தைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது அடுத்த நிகழ்ச்சிக்கு அவர்களைக் கேட்டே செலவழித்துக் கணக்கைக் குழுவில் போடுங்கள். பெயர்ப்பட்டியல் எடுக்கும்போது அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து சட்டம் கேட்டாலோ, ஆளை உறுதிப்படுத்தியே ஆக வேண்டிய நிலையோ தவிர அமைப்புகள் அதை வாங்கக் கூடாது.

#3 பழைய_நேவல்_பேஸ்

கணக்குப்பிள்ளை சட்டம் சொல்லிப் பயமுறுத்துகிறார். நான் பதியச் சொல்கிறேன்.

என் அப்பா செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நான் அந்தக் குடியிருப்பில்தான் வளர்ந்தேன். அங்கே இருந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை. ஆனால் சங்கம் நடத்தினார்கள், நாடகம் போட்டார்கள், சாவு வீட்டுக்குப் பணம் திரட்டினார்கள். வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு கூட்டத்துக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் துறைமுகமோ தோட்டமோ, நம் ஆள் வேலை பார்த்த இடத்தில் ஒரு கோயிலும் ஒரு படிப்பகமும் தானாக முளைக்கும்.

இப்படிச் சிதறிக் கிடந்த சங்கங்களை ஒன்றாகக் கூட்டத்தான் 1951-ல் தமிழர் பேரவை வந்தது. அடுத்த வருடம் தமிழர் திருநாள் தொடங்கியது. கோ. சாரங்கபாணி முன்னால் நின்றார், 1935-லிருந்து தமிழ் முரசு கையில் இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்து நிற்கச் சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

பக்கத்திலேயே பாருங்கள். ஈசூனில் இருக்கும் ஸ்ரீ நாராயண மிஷன் 1948-ல் மலையாளிகள் தொடங்கியது. இன்றைக்கு எல்லா இனத்தவரும் தங்கும் தாதிமை இல்லம் நடத்துகிறது. அன்றைக்கு யாராவது "இப்படியே விடுங்கள், பதிய வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டடம் இருக்குமா? புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலும் கடற்படைத் தளத்து ஆட்கள் கும்பிட்டு வளர்த்ததுதான். கேன்பரா ரோட்டிலிருந்து ஈசூன் தொழிற்பேட்டைக்கு மாறினாலும் பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் குறையவில்லை.

பிரிட்டிஷ்காரன் 1971-ல் போனான், குடியிருப்பு கலைந்தது, ஆளுக்கொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போனோம். சாமான் மூட்டையோடு சங்கத்தையும் கொண்டு போயிருக்க வேண்டும். கொண்டு போகவில்லை. ஆகவே பதியுங்கள் அம்மா. உங்கள் பெயரில் ஒன்று இருக்கட்டும்.

#4 ஜூரோங்_அக்கா

ஐயா சொல்வது உண்மை. ஆனால் அந்தக் காலத்துக் குடியிருப்பு இப்போது இல்லையே. ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒரே வரிசையில் குடியிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் அவர்கள். இப்போது வீவக வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. 1989-ல் வந்தது. ஒரு புளோக்கில் இந்தியர், இதர இனத்தவர் வீடுகள் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, அக்கம்பக்கத்தில் 12. 2010-ல் உயர்த்திய அளவு இது, முன்பு இன்னும் குறைவு. நூறு வீடு இருக்கும் புளோக்கில் அதிகபட்சம் பதினைந்து. அந்தப் பதினைந்தில் யுரேஷியர் வரலாம், பஞ்சாபி வரலாம், வீட்டில் ஆங்கிலமே பேசும் தமிழர் வரலாம். தமிழ்க் கதை கேட்கும் வயதில் பிள்ளை இருக்கும் வீடு எத்தனை மிஞ்சும்?

இந்திய நற்பணிச் செயற்குழு சமூக மன்றத்தோடு ஒட்டி இருப்பதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் நடைமுறைக் காரணம். தொகுதி முழுவதிலிருந்தும் ஆள் வந்தால்தான் ஒரு பொங்கல் விழாவே நிறையும். நான் ஒன்றில் நெடுநாளாக இருக்கிறேன், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன்.

நல்லது: அறை, மேசை, ஒலிபெருக்கி, மழைக்கு ஒதுங்க இடம். புளோக் கீழே நிகழ்ச்சி வைக்க நகர மன்றத்திடம் அனுமதி கேட்கும் வேலையை மன்ற அலுவலர் பார்த்துக்கொள்வார். பணம் அவர்கள் கணக்கு வழியாகப் போகும், உங்கள் வீட்டில் சண்டை வராது. மற்ற குழுக்களோடு நற்பணிப் பேரவை வழியாகத் தொடர்பும் கிடைக்கும்.

கெட்டது: எதற்கும் படிவம். பஜ்ஜி வாங்குவதற்கும் விலைப்பட்டியல். நிகழ்ச்சியை மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்ல வேண்டும். அப்புறம் "எத்தனை பேர் வந்தார்கள்" என்ற கேள்வி. ஒரு பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் வந்தவர் எண்ணிக்கை ஒன்று. விருந்து வைத்தால் முந்நூறு. அறிக்கையில் எது பெரிதாகத் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இரண்டு வருடத்தில் குழுவே விருந்துக் குழுவாக மாறிவிடும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#5 பாலிடெக்_மாணவி

இளையர் தரப்பில் நானும் பேசலாமா?

"இளையர்கள் வருவதில்லை" என்று எல்லாக் கூட்டத்திலும் புலம்புகிறார்கள். வந்தால் என்ன வேலை தருகிறீர்கள்? நாற்காலி அடுக்க, விருந்தினருக்கு மாலை எடுத்துக் கொடுக்க, சேலை கட்டி வாசலில் பன்னீர் தெளிக்க. ஒரு குழுவில் எனக்கு "இளையர் பிரதிநிதி" என்று பொறுப்பு கொடுத்தார்கள். கூட்டத்தில் ஒரு முறைகூட என் கருத்தைக் கேட்டதில்லை, சுவரொட்டி மட்டும் வடிவமைக்கச் சொன்னார்கள். அதுவும் இரவு பதினொரு மணிக்கு.

பள்ளியில் மணிநேரக் கணக்குக்காகச் சேவை செய்து பழகிவிட்டோம் என்பதும் உண்மைதான். அம்மா காலத்திலேயே வருடத்துக்கு ஆறு மணிநேரம் என்று இருந்ததாம். 2012-ல் அதை மாற்றி, மாணவர் தாங்களே யோசித்துச் செய்யும் திட்டமாக்கினார்கள். இருந்தும் கணக்குப் போடும் புத்தி போகவில்லை. ஆனால் இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் திட்டத்தில் சேர்ந்தபோது எனக்கென்று ஒரு பிள்ளை இருந்தாள். நான் போகாவிட்டால் அவள் காத்திருப்பாள். அதனால் தேர்வு நேரத்திலும் போனேன். மணிநேரம் எழுதிக்கொள்ள மறந்தே போனது.

கேன்பரா அக்கா, பதிவோ மன்றமோ எதுவானாலும் சரி, எங்களுக்கு ஆளுக்கொரு பாட்டியோ பிள்ளையோ கொடுங்கள். பதவி வேண்டாம்.

#6 திருச்சி_டு_செங்காங்

சிண்டா பேச்சு வந்ததால் ஒரு சந்தேகம். என் சம்பளத்தில் மாதாமாதம் சிண்டா என்று பிடிக்கிறார்கள். அப்படியானால் நானும் ஏதாவது கேட்கலாம் அல்லவா? ஒரு சின்னக் குழுவுக்கு அவர்கள் பண உதவி செய்வார்களா?

அப்புறம் மனத்தாங்கல் ஒன்று. இங்கே வந்து பத்து வருடத்துக்கு மேல். வட்டாரக் குழுவில் சேரப் போனால் "நீங்கள் எந்த ஊர் சங்கம்?" என்று கேட்கிறார்கள். ஊர் சங்கம், கல்லூரி முன்னாள் மாணவர் சங்கம் எல்லாம் இருக்கிறதுதான். ஆனால் என் பிள்ளை படிப்பது செங்காங்கில். எனக்கு வட்டாரக் குழுதான் வேண்டும்.

#7 கணக்குப்பிள்ளை

சிண்டா 1991-ல் வந்தது. இந்தியச் சமூகத்து ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாகப் பிடிக்கப்படும் தொகை, சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை. வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து விலகலாம், அது உங்கள் விருப்பம். அந்தப் பணம் துணைப்பாடம், குடும்ப உதவி என்று போகிறது. சந்தா கட்டியவர் வட்டி கேட்கும் மாதிரிக் கேட்க முடியாது. ஆனால் உங்கள் வட்டாரத்தில் தடுமாறும் பிள்ளை இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். பண உதவியை விட அதுதான் உருப்படியான தொடர்பு.

#8 பழைய_நேவல்_பேஸ்

திருச்சித் தம்பி, "எந்த ஊர்" என்று கேட்பது எங்கள் தலைமுறையின் பழக்கம். என்னைக்கூட இன்னும் கேட்கிறார்கள், நான் பிறந்ததே இங்கே. வெளியே தள்ளுவதற்காகக் கேட்பது இல்லை. ஆனால் உங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது என்றால் அது நியாயம்தான், கேட்கிறவர்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புதிதாக வந்தவர்கள் சிலர் வந்ததும் மேடையைப் பிடிக்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள், அதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. எங்கள் பிள்ளைகள் ஓரமாகப் போய் நிற்கிறார்கள். உச்சரிப்பைத் திருத்தாமல் பேச விடுங்கள்.

#9 ஞாயிறு_சமையல்

எல்லாரும் பெயர், பதிவு, மேடை என்றே பேசுகிறீர்கள். நான் இல்லாதவர்களுக்கு இலவசச் சாப்பாடு கொடுக்கும் வில்லிங் ஹார்ட்ஸ் சமையல் கூடத்துக்குக் காய் நறுக்கப் போகிறவன். விடியற்காலையில் போனால் கத்தியும் பலகையும் கொடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் வங்கி மேலாளரா, டாக்ஸி ஓட்டுநரா தெரியாது. வெங்காயம் தீர்ந்தால் முட்டைக்கோஸ். அங்கே ஆயிரக்கணக்கான சாப்பாடு தினமும் கட்டிப் போகிறது. தமிழ்ச் சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழர் செய்யும் தொண்டூழியம் எல்லாம் தமிழ்ப் பெயர்ப் பலகையின் கீழ்தான் நடக்க வேண்டுமா என்று கேட்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020-ல் கொவிட் பரவி வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் அடைபட்டபோது, தமிழும் வங்காளமும் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு தேவை இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மருத்துவர் "எப்போதிலிருந்து மூச்சு முட்டுகிறது" என்று கேட்பதை ஒரு கட்டுமான ஊழியரிடம் சரியாகச் சொல்ல ஆள் வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவ உதவி செய்யும் ஹெல்த்சர்வ் மாதிரி அமைப்புகள் 2006-லிருந்து இந்த வேலையில் இருக்கின்றன. நம் வட்டாரக் குழுக்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறோம்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும்போது வரிசையில் நிற்கும் அதே தம்பிகள்தான். மற்ற நாளில் நம் கண்ணில் படுவதில்லை.

#10 கேன்பரா_புளோக்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி.

ஜூரோங் அக்கா, எண்ணிக்கை பற்றிச் சொன்னீர்களே, அது எனக்கு உறைத்தது. பாட்டிகள் வேலையை மட்டும் தனியாகப் பிரித்துவிடலாமா? பக்கத்தில் முதியவர்கள் கூடும் துடிப்பாக மூப்படையும் நிலையம் ஒன்று இருக்கிறது. எங்கள் பாட்டி ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு "அங்கே எல்லாரும் சீனத்தில் பாடுகிறார்கள், நான் என்ன செய்ய" என்று திரும்பி வந்துவிட்டார்.

#11 ஜூரோங்_அக்கா

பிரிக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். அந்த நிலையத்துக்கு நீங்களே நேரில் போங்கள், பாட்டியை மட்டும் அனுப்பாதீர்கள். வாரத்தில் ஒரு பொழுது தமிழ் பேசும் தொண்டூழியர் இருவர் வந்து உட்காருவோம் என்று சொல்லுங்கள். அவர்களும் அப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். 2030-ல் நான்கு பேரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவராகவோ தாண்டியவராகவோ இருப்பார் என்கிறது அரசாங்கக் கணிப்பு. ஒவ்வொரு வட்டாரத்திலும் தமிழ் மட்டும் பேசும் பாட்டி நாலைந்து பேராவது இருப்பார்கள்.

மூத்தவர்களுக்கு மருத்துவச் சலுகை அட்டை கொடுத்த முன்னோடித் தலைமுறைத் திட்டம் வந்த 2014-ல் தூதர்கள் வீடு வீடாகப் போய் விளக்கினார்களே, அதில் நானும் போனேன். ஒரு தாத்தா அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் "தமிழா?" என்றார், ஒரு மணிநேரம் பேசினார். என் பட்டியலில் அன்றைக்குப் பாதி வீடு பாக்கி. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் கவனம். வாங்கிக் கொடுங்கள், எத்தனை மாத்திரை என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். குடும்பத்தார் யாராவது ஒருவரின் எண் கையில் இருக்கட்டும். அதையும் பெரிய குழுவில் போடாதீர்கள்.

#12 செயலாளர்_ஓய்வு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி யாரும் கேட்கவில்லை. கேன்பரா அம்மா, நீங்கள் ஆறு மாதம் இந்தியாவுக்குப் போய்விட்டால் சனிக்கிழமை வகுப்பு நடக்குமா?

நடக்காது என்றால் எந்தப் பதிவும் காப்பாற்றாது. நான் இருந்த சங்கத்தில் தலைவரும் செயலாளரும் இருபது வருடம் மாறவில்லை. அதே ஆட்கள்தான் கோயில் தொண்டூழியர் குழுவிலும், வசிப்போர் குழுவிலும், பள்ளிப் பெற்றோர் குழுவிலும். ஒரே வாரத்தில் நாலு கூட்டம், நாலிலும் அதே ஆறு முகம், அதே கேசரி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த ஊரில் நாலு அமைப்பு இருப்பதாகத் தோன்றும். உள்ளே இருப்பது ஆறு பேர். அவர்களில் ஒருவர் படுத்தால் நாலும் படுக்கும். ஐந்தாவதாக ஒன்றைப் பதிவதற்கு முன்னால் ஏழாவது ஆளைத் தேடுங்கள்.

#13 பழைய_நேவல்_பேஸ்

ஏழாவது ஆள் எங்கிருந்து வருவான்? சங்கம் என்று ஒன்று இருந்தால்தானே வந்து சேருவான்? எங்கள் அப்பா சங்கம் இருந்ததால்தான் போனார். யாரும் அவரை வீட்டுக்கு வந்து தேடவில்லை.

#14 செயலாளர்_ஓய்வு

ஐயா, உங்கள் அப்பா வேலை முடிந்து நடந்து போகும் தூரத்தில் சங்கம் இருந்தது. அடுத்த நாள் வேலையில் அதே ஆட்களைப் பார்த்தாக வேண்டும், போகாமல் இருந்தால் கேட்பார்கள். இப்போது என் பக்கத்து வீட்டுத் தம்பி சாங்கியில் வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பதுக்கு வருகிறான். அவனுக்குச் சங்கம் இருப்பதே தெரியாது. கதவைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும்.

#15 பாலிடெக்_மாணவி

தட்டினால் வருவோம். கேசரியை மட்டும் மாற்றுங்கள்.

#16 கேன்பரா_புளோக்

நேற்று கூடிப் பேசினோம். இப்போதைக்குப் பதிவு இல்லை. சின்னம் வரைந்தவருக்குக் கொஞ்சம் கோபம், பரவாயில்லை. கதை வகுப்பை இந்திய நற்பணிச் செயற்குழுவிடம் கொண்டு போகிறோம். மழைக்காலத்தில் புளோக் கீழே சாரல் அடிக்கிறது, அறை கட்டாயம் தேவை. விருந்து எங்கள் வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடப் போகிறோம், ஒப்புக்கொள்வார்களா பார்க்கலாம்.

பாட்டிகள் வேலை நிலையத்தோடு. செவ்வாய்க்கிழமை இருவர் போகிறார்கள், நான் வேண்டுமென்றே போகவில்லை. மிச்சப் பணத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று. மூன்று பேர் "வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று மறுபடியும் எனக்கே அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது, கணக்குப்பிள்ளை?

#17 கணக்குப்பிள்ளை

மறுபடியும் அனுப்புங்கள். கூடவே நிலையத்தின் நன்கொடை விவரத்தையும் கேட்டு அனுப்பிவிடுங்கள். அதை நடத்தும் அமைப்புக்குப் பொது நலன் அமைப்புத் தகுதி இருந்தால் அவர்களுக்கு அந்த 250 விழுக்காடும் கிடைக்கும்.

#18 பழைய_நேவல்_பேஸ்

பதியாதது தப்பு என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு? நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், பழைய பாட்டு கொஞ்சம் தெரியும்.